யானைகளின் புகலிடம்



அயல்நாடு சென்று கல்வி பயிலும் நம் இளைஞர்கள் விடுமுறை நாட்களில் எங்கே செல்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். இலங்கையில் பயில்வோராயின் பின்னவலைக்கும், தாய்லாந்தில் பயில்வோராயின் சியாங்மாய் மலைப்பகுதிக்கும் ஒருமுறையேனும் சென்றுவராதவர் மிகச் சிலரே ஆவர். யானையின் துதிக்கையைத் தழுவியபடியோ, ஆற்றில் அதன் முதுகைத் தேய்த்தபடியோ எடுத்த படம் ஒன்று பெற்றோருக்கு வந்து சேர்கிறது. பெற்றோரும் மகிழ்ச்சியோடு அதை அண்டை வீட்டாருக்குக் காட்டுகிறார்கள். அந்தப் படத்தில் நம் பிள்ளையின் மகிழ்ச்சி தெரிகிறது. ஆனால் உடன் நிற்கும் யானையின் நிலை என்ன? இதுவே இன்று நான் உங்களோடு சிந்திக்க விரும்பும் பொருள்.

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த என்போன்றோருக்கு யானை புதிய பிராணி அன்று. கோயில் வாசலில் நிற்கும் யானைக்கு வாழைப்பழம் கொடுத்துத் தலையில் ஆசி வாங்காத குழந்தை நம் ஊரில் ஏது? பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்துவிட்ட நம் குடும்பங்களின் பிள்ளைகள் நிலைமை வேறு. நான் வசிக்கும் பெஹாலாவில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு யானை என்றால் அருகிலுள்ள அலிப்பூர் விலங்குக் காட்சிச்சாலையில் காண்பதுதான். அல்லது துர்க்கா பூஜைப் பந்தலில் அன்னையின் அருகே வீற்றிருக்கும் கணேசருடைய திருமுகந்தான். இதே வங்காளத்தின் வடகோடியில், ஜல்தாபாரா, கோருமாரா முதலிய காடுகளில் காட்டு யானைகள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. ஆயினும் ஓர் இரவு முழுவதும் ரயிலில் சென்றால்தான் அவற்றைக் காணலாம். ஆதலால் அயல்நாட்டில் யானைக்கு மிக அருகில் நிற்கும் வாய்ப்புக் கிட்டும்போது நம் பிள்ளைகளின் ஆவல் கரைபுரள்வது இயல்பே. அதனைக் குறை கூறுவது என் நோக்கம் அன்று. அந்த ஆவல் எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லவே விழைகிறேன்.

என் இளமையில் இலங்கையில் பேராதனையில் ஓராண்டு தங்கி மொழியியல் பயின்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் இருவருடன் ரயிலேறிக் கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்து இறங்கி, ரம்புக்கனை நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து பின்னவலை சிறிது தூரமே. அவ்வூர் யானைகள் அநாதை இல்லம் 1975-ஆம் ஆண்டில் இலங்கை வனவிலங்குத் துறையால் நிறுவப்பெற்றது. தாயை இழந்தும், குழிகளில் விழுந்தும், கூட்டத்தைப் பிரிந்தும் தவித்த கன்றுகளைக் காக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1978-இல் அது தேசிய விலங்கியல் பூங்காத் துறையின் பொறுப்புக்கு மாறியது. 1982-இல் இனவிருத்தி முயற்சியும் தொடங்கப்பெற்று, 1984-இல் முதல் கன்று பிறந்தது.

தென்னந்தோப்பிலிருந்து யானைக்கூட்டம் புறப்பட்டுக் கடைவீதி நடுவே நடந்து மகா ஓயா ஆற்றில் இறங்கும் காட்சி கண்ணைவிட்டு அகலாதது. கன்றுகள் தாயின் வயிற்றுக்கடியில் புகுந்து புகுந்து வெளிவந்தன. முதிய பெண்யானைகள் நீரைத் துதிக்கையால் அள்ளி மெல்ல முதுகில் இறைத்துக்கொண்டன. கூட்டத்திலிருந்து சற்று விலகிக் கரையோரமாகப் பெண்யானை ஒன்று மூன்று கால்களால் நடந்து வந்தது. சாமா என்பது அதன் பெயர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் கன்றாக இருந்தபோது கண்ணிவெடியை மிதித்து முன்கால் ஒன்றின் பாதத்தை இழந்த யானை அது. மனிதர் மனிதரைக் கொல்ல மண்ணில் புதைத்த பொருளுக்கு, எந்தப் பக்கத்தையும் சேராத ஓர் உயிர் விலைகொடுத்திருந்தது. அதற்கு உணவும் மருந்தும் அளித்து, தன் இனத்தாரோடு வாழ இடமும் தந்த அந்த இல்லத்தை வாழ்த்தாமல் இருக்க முடியவில்லை.

ஆயினும் அங்கே உள்ளத்தில் ஓர் ஐயமும் எழுந்தது. அங்கிருந்த கன்றுகளிற் பல, தாயை இழந்தவை அல்ல; தாயின் அருகிலேயே நின்று பாலருந்திக் கொண்டிருந்தவை. அநாதை இல்லத்தில் பிறந்து, தாயோடும் தந்தையோடும் வாழும் கன்றை அநாதை என்று எவ்வாறு சொல்வது? 2021 ஆகஸ்டு மாதத்தில் அதே இல்லத்தில் சுரங்கி என்னும் யானை இரட்டைக் கன்றுகளை ஈன்றது. இலங்கையில் 80 ஆண்டுகளாகக் காணாத அதிசயம் என்று செய்தித்தாள்கள் எழுதின. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அக்கன்றுகள் வளர்ந்து எங்கே செல்லும்? காட்டுக்குச் செல்லும் வழி அவற்றுக்குத் திறந்திருக்கிறதா? இக்கேள்வியைக் கேட்கும்போது அநாதை இல்லம் என்ற பெயர் சற்றே பொருள் மாறி நிற்கிறது.

சில மாதங்கள் கழித்து, இரத்தினபுரி வழியாகத் தெற்கே உடவளவை என்னும் ஊருக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே வனஜீவராசிகள் பாதுகாப்புத் துறையினர் 1995-இல் தொடங்கிய இடைத்தங்கல் இல்லம் ஒன்று இருக்கிறது. இதுவும் தாயற்ற கன்றுகளுக்கானதே. ஆனால் நடைமுறை முற்றிலும் வேறு. பார்வையாளர் தடுப்புக்கு அப்பால், தொலைவில் அமர வேண்டும். கன்றைத் தொடவோ, பால் புகட்டவோ, அருகே நின்று படம் எடுத்துக்கொள்ளவோ எவருக்கும் அனுமதி இல்லை. குறித்த நேரத்தில் கதவு திறக்கும். கன்றுகள் சிலவாக ஓடிவரும். பணியாளர் குழாய் வழியே பாலை ஊற்றுவர். குடித்து முடித்தவை தழைக்குவியலை நோக்கிச் செல்லும். சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதன்பின் அவை நம் கண்ணுக்குப் படா.

உடன் வந்த நண்பர் ஒருவர், இதற்காகவா இத்தனை தூரம் வந்தோம் என்று முணுமுணுத்தார். அங்கே பணிபுரிந்தவர் ஒருவர் அதற்குப் புன்னகையுடன் விளக்கம் சொன்னார். மனிதனோடு பழகிவிட்ட யானை காட்டுக்குத் திரும்பினால், பசித்தபோது காட்டைத் தேடாது, ஊரைத் தேடும். ஊருக்குள் வந்த யானைக்கு என்ன நேரும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே உங்களை இது அறியாமல் இருப்பதே இதற்கு நல்லது என்றார். ஏறத்தாழ ஐந்து வயதானதும் கன்றுகள் சில ஒன்றாகக் காட்டுக்குள் அனுப்பப்பெறுகின்றன. முதற்குழு 1998-இல் சென்றது. இதுவரை நூற்றுக்கு மேற்பட்டவை சென்றுள்ளன. அவ்வாறு சென்ற பெண்யானைகள் காட்டில் தாமே கன்று ஈன்றுள்ளன என்பதைக் கேட்கும்போது, பார்வையாளருக்கு நேர்ந்த சிறு ஏமாற்றம் ஒரு பொருட்டாகத் தோன்றுவதில்லை.

சொற்களை நிறுத்துப் பார்ப்பது மொழிபெயர்ப்பாளனாகிய என் அன்றாடப் பணி. ஆதலால் இத்தகைய இடங்களுக்கு நாம் வழங்கும் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள். சரணாலயம் என்கிறோம், காப்பகம் என்கிறோம், முகாம் என்கிறோம், மறுவாழ்வு மையம் என்கிறோம். இவை நான்கும் ஒன்றல்ல. சரணாலயம் என்பது விலங்கு தன் விருப்பப்படி வாழும் காடு. நாம் அங்கே விருந்தினர். முகாம் என்பது பழக்கப்பட்ட யானைகள் பாகருடன் வாழும் இடம். மறுவாழ்வு மையம் என்பது துன்புற்ற யானை எஞ்சிய நாளைக் கழிக்கும் இடம். இடைத்தங்கல் இல்லம் என்பது பெயருக்கேற்ப, தங்கிச் செல்வதற்கே. ஆனால் உலகின் பல பகுதிகளில், யானைச் சவாரிக்குப் பேர்போன தோட்டங்கள்கூட இப்பெயர்களில் மிக இனிமையான ஒன்றைத் தேர்ந்து வாசலில் எழுதிவைத்துக்கொள்வதை இன்று காண்கிறோம். பெயரைப் பார்த்து ஏமாறலாகாது. செங்கற்பட்டு மாவட்டத்திலுள்ள வேடந்தாங்கலை நினைத்துப் பாருங்கள். வேடர் தங்குமிடம் என்று பெயர். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவ்வூரார் பறவைகளைக் காப்பதற்கு அரசின் ஒப்புதல் பெற்றவர்கள். பறவைகள் அஞ்சுமே என்று பட்டாசு வெடிப்பதையும் தவிர்ப்பவர்கள். பெயரில் வேடன் இருந்தும் நடத்தையில் புகல் இருக்கிறது. பெயரில் புகல் இருந்து நடத்தையில் வேடன் இருக்கும் இடங்களும் உலகில் உண்டு.

தாய்லாந்தின் கதையை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டில் தலைமுறை தலைமுறையாக யானைகள் மரம் இழுத்தன. காடுகள் அழிந்து வெள்ளச் சேதம் பெருகியமையால், 1989-இல் அரசு மரம் வெட்டுவதைத் தடை செய்தது. காட்டுக்கு அது நன்மை. ஆனால் யானைகளுக்கும் பாகர்களுக்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. வேலையற்ற மனிதன் ஒரு வேளை உண்ணாமல் இருக்கலாம். நாள்தோறும் நூற்றைம்பது கிலோ அளவுக்குத் தீனி வேண்டும் யானை என்ன செய்யும்? பாகர்கள் அதனை நகரத் தெருக்களில் பிச்சைக்கு நடத்தினர்; பின்னர்ப் பயணிகளின் சவாரிக்கும் வித்தைக்கும் விட்டனர். சவாரியின் கொடுமை பற்றிய செய்தி பரவியபோது, பல இடங்கள் சவாரியை விட்டு, யானையைக் குளிப்பாட்டலாம், உணவூட்டலாம் என்று பயணிகளை அழைக்கத் தொடங்கின. இதற்கிடையே நல்ல பணிகளும் நடந்தன. 1993-இல் லம்பாங்கில் யானைகளுக்கென்றே மருத்துவமனை தோன்றியது. 1999-இல் கண்ணிவெடியில் பாதம் இழந்த மோத்தலா என்னும் யானைக்கு அங்கே 2009-இல் செயற்கைக் கால் பொருத்தினார்கள்.

2020-இல் பெருந்தொற்று வந்து பயணிகள் வரவு நின்றது. சியாங்மாய்ப் பகுதியிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட யானைகள் பாகர்களுடன் மலை வழியே தத்தம் சிற்றூர்களுக்கு நடந்தே திரும்பின. இதிலிருந்து நாம் அறியவேண்டிய உண்மை ஒன்று உண்டு. பயணி கொடுக்கும் கட்டணமே அந்த யானையின் சோறு. ஆகவே, எவரும் போகாதீர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது விடை ஆகாது. எந்த வாசலில் கட்டணம் செலுத்துகிறோம் என்பதே கேள்வி. நம் பிள்ளை கொடுக்கும் நாணயம் ஒரு யானையைச் சங்கிலியிலும் கட்டலாம், சங்கிலியிலிருந்து அவிழ்த்தும் விடலாம்.

யானையைக் குளிப்பாட்டுவதில் தீங்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். தனக்குப் பழகிய பாகன் நாளுக்கு ஒருமுறை குளிப்பாட்டுவது ஒன்று. காலைமுதல் மாலைவரை முகம் தெரியாதவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து தண்ணீரில் நிறுத்தித் தேய்ப்பது மற்றொன்று. மேலும் இதில் உயிரபாயமும் இருக்கிறது. 2025 சனவரியில் தாய்லாந்தில் யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த அயல்நாட்டு மாணவி ஒருவர் அந்த யானையாலேயே உயிரிழந்தார். படிக்கச் சென்ற பிள்ளை, விடுமுறையில் இன்பமாகப் பொழுது கழிக்கச் சென்ற இடத்தில் நேர்ந்த துயரம் அது. நம் நாட்டிலும், 2024 நவம்பரில் திருச்செந்தூரில் கோயில் யானை தாக்கியதில் பாகரும் அவர் உறவினரும் மாண்டனர். நாள்தோறும் உணவளித்த கைக்கே அந்நிலை நேருமாயின், அரைமணி நேரம் பழகும் பயணியின் பாதுகாப்பு எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். இதனால் யானையைக் கொடிய விலங்கு என்று கொள்ளலாகாது. பழகிய யானையும் காட்டு விலங்கின் இயல்பை முற்றும் துறப்பதில்லை. அதன் பொறுமைக்கும் எல்லை உண்டு. அந்த எல்லை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இவ்வளவே இதன் பொருள்.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் 1995-இல் நிறுவப்பெற்ற யானைப் புகலிடம் ஒன்று இதனை முற்றும் உணர்ந்து நடக்கிறது. சர்க்கஸிலும் காட்சிச்சாலைகளிலும் உழைத்து ஓய்ந்த யானைகள் அங்கே பரந்த நிலத்தில் வாழ்கின்றன. அவை வாழும் இடத்துக்குள் பார்வையாளர் செல்லவே முடியாது. விரும்புவோர் நிழற்படக் கருவி வழியாகத் தொலைவிலிருந்து காணலாம். வாழ்நாளெல்லாம் மனிதர் பார்வைக்காகவே நின்ற உயிருக்கு, எவரும் பாராத ஒரு மாலைப்பொழுதைக் கொடுப்பதைவிடச் சிறந்த கொடை வேறென்ன இருக்க முடியும்?

இத்தனையும் அயல்நாட்டுச் செய்திகள் என்று எண்ண வேண்டா. நம் தமிழ்நாட்டில் நீலகிரி அடிவாரத்து முதுமலையில், மாயாற்றங்கரையில் தெப்பக்காடு யானைகள் முகாம் இருக்கிறது. ஆசியாவின் மிகப் பழைய முகாம்களுள் அது ஒன்று. முற்காலத்தில் மரம் இழுத்த யானைகள் அங்கே இருந்தன. இன்று கும்கிகளும், காட்டிலிருந்து மீட்கப்பெற்ற கன்றுகளும் வாழ்கின்றன. கேழ்வரகுக் களியும் கொள்ளும் வெல்லமும் தேங்காயும் உருட்டிப் பாகர் ஊட்டுவதைப் பயணிகள் சற்று விலகி நின்று காணலாம். பணி முடிந்த யானைகளைக் காட்டில் மேயவிடும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக உண்டு. அம்முகாமில் காட்டுநாயக்கர் இனத்தைச் சேர்ந்த பொம்மன், பெள்ளி தம்பதியர் ரகு என்னும் கன்றை வளர்த்த கதை படமாகி 2023-இல் ஆஸ்கர் பரிசு பெற்றதை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பரிசைக் கண்டு மகிழ்ந்த நாம், அதற்கு முன்னே காட்டுக்குள் பல்லாண்டு உழைத்த கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியையும் நினைக்க வேண்டும். 2002-இல் மறைந்த அவரை மக்கள் யானை டாக்டர் என்றே அழைத்தனர். காட்டில் இறந்து கிடக்கும் யானையையும் அறுத்துப் பார்த்துக் காரணம் அறிய வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். எழுத்தாளர் ஜெயமோகன் அவரைத் தழுவி எழுதிய கதை தமிழர் பலரின் உள்ளத்தில் காட்டைப் பற்றிய எண்ணத்தையே மாற்றியது.

2023 மார்ச்சில், ஆனைமலைப் பகுதியில் கலீம் என்னும் கும்கி தன் 60-ஆம் வயதில் பணி ஓய்வு பெற்றது. வனத்துறையினர் வரிசையாக நின்று வணக்கம் செலுத்தி வழியனுப்பினர். மத்திய அரசு ஊழியனாகிய எனக்கும் அதே வயதில்தான் ஓய்வு. அந்தச் செய்தியைப் படித்தபோது, உழைத்த உயிருக்கு ஓய்வு உண்டு என்ற நீதி அலுவலகத்துக்கு வெளியேயும் செல்லுபடியாவது கண்டு மனம் நிறைந்தது.

கல்கத்தாவில் வாழும் தமிழர் பெருமையோடு நினைக்கத்தக்க ஒருவரும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறார். அவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர். சென்னையில் இருந்துகொண்டே, இந்நகரிலிருந்து வெளிவரும் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996-இல் தாம் மறையும்வரை இயற்கையைப் பற்றி எழுதிவந்தவர். பல ஆண்டுகள் காடுகளில் அலைந்து காட்டு யானைகளை அவர் கூர்ந்து கவனித்தார். வங்காளத்து வாசகர்கள் ஒரு தமிழரின் கண்வழியே காட்டைக் கண்டார்கள். விலங்கை அதன் இடத்தில், அதன் போக்கில் விட்டுப் பார்ப்பதே அறிவு என்பதை அவருடைய வாழ்க்கையே காட்டுகிறது.

2025 அக்டோபரில் வெளியான கணக்கெடுப்பின்படி நம் நாட்டுக் காடுகளில் உள்ள யானைகள் 22,446. அவற்றுள் தமிழ்நாட்டில் இருப்பவை 3,136. மரபணுவைக் கொண்டு எண்ணிய முதல் கணக்கு இது. ஒரு பெரிய நாட்டுக்கு இது சிறிய எண்தான். பெண்யானை ஒன்று ஒரு கன்றை ஏறத்தாழ 22 மாதம் சுமக்கிறது. பின்னும் சில ஆண்டுகள் பாலூட்டிக் காக்கிறது. இழந்த யானையை விரைவில் ஈடுசெய்ய இயற்கையாலும் இயலாது.

ஆகவே, அயல்நாட்டில் பயிலும் பிள்ளைகளுக்கு எழுதும்போது நாம் சில கேள்விகளையும் உடன் எழுதி அனுப்பலாம். நீ செல்லும் இடத்தில் யானைமீது ஏற்றுகிறார்களா? எத்தனை பேர் தொட அனுமதிக்கிறார்கள்? பாகன் கையில் அங்குசம் எதற்காகப் பயன்படுகிறது? பார்வையாளர் போனபின் அந்த யானை எங்கே, எவ்வாறு கட்டப்படுகிறது? அங்குள்ள கன்று எவ்வாறு அங்கே வந்தது? ஐந்தாண்டு கழித்து அது எங்கே இருக்கும்? நல்ல இடத்தார் இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்கமாட்டார்கள். விடை சொல்லத் தயங்கும் இடத்தில் நம் பிள்ளைக்கு வேலை இல்லை. பாகரிடமும் பேசச் சொல்லுங்கள். அவர் குடும்பம் எங்கே, அவர் ஊதியம் என்ன என்று கேட்கச் சொல்லுங்கள். பாகன் பட்டினி கிடக்கும் இடத்தில் யானை வயிறார உண்டதாகக் கதை இல்லை.

விடுமுறையில் பிள்ளை அனுப்பும் படத்தில் யானை தொலைவில், மரநிழலில், நமக்கு முதுகைக் காட்டியபடி மேய்ந்துகொண்டிருந்தால், படம் நன்றாக அமையவில்லையே என்று வருந்த வேண்டா. யானைக்கு அந்த நாள் நன்றாக அமைந்திருக்கிறது. அந்தப் படத்தை அண்டை வீட்டாருக்கு இன்னும் பெருமையோடு காட்டலாம்.